செகண்ட் ஹேண்ட் கார்: செலவு வைக்காத வண்டியைப் பார்த்து எடுப்பது

மாடலை முடிவு செய்யும் முன் உதிரிபாகக் கடைக்கு ஒரு நடை போய்விடுங்கள். மனதில் இருக்கும் இரண்டு மூன்று மாடல்களுக்கும் ஒரே பட்டியலை நீட்டி விலை கேட்க வேண்டும்: கிளட்ச் செட், முன் பிரேக் டிஸ்க், ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம், ரேடியேட்டர், ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், ஒரு ஹெட்லைட். கம்பெனி பார்ட்ஸ் விலை தனி, வெளி பிராண்டு விலை தனி. கிளட்சும் ரேடியேட்டரும் வெளி பிராண்டில் வரவே இல்லை என்றால் அந்த மாடலை மறந்துவிடலாம். பழைய சொகுசுக் கார் சின்னக் கார் விலைக்குக் கிடைப்பதன் ரகசியம் இதுதான்: கார் விலை இறங்கும், பார்ட்ஸ் விலை இறங்காது.

டயர் சைஸையும் பாருங்கள். 14 அங்குலத்தில் நாலு டயர் மாற்றுவதும் 17 அங்குலத்தில் நாலு மாற்றுவதும் ஒன்றல்ல. ஒரே மாடலில் டாப் வேரியண்டை விட அடிப்படை வேரியண்ட்தான் பையைக் கடிக்காது.

இன்ஜின் என்றால் டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல், மேனுவல் கியர். டீசல் மைலேஜ் கொடுக்கும்தான். ஆனால் தினமும் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) வைத்த டீசல் வேண்டவே வேண்டாம். அந்த வடிகட்டியில் சேரும் கரி எரிய 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். குட்டி ஓட்டத்தில் அது வராது, அடைத்துக்கொள்ளும்.

*

வண்டி பார்க்கப் போகும் முன்பே, "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த ஸ்டார்ட்டில் தெரியும் கோளாறு மறைந்திருக்கும், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல் தேய்மானம். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் நீலம் வந்தால் பிஸ்டன் ரிங்காக இருக்கலாம். அது இன்ஜினையே பிரிக்கும் வேலை. குளிர்ந்த காலையில் வெள்ளையாக ஆவி வருவது சகஜம். இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல் இனிப்பு வாடையோடு வந்தால் கூலண்ட் சிலிண்டருக்குள் இறங்குகிறது, ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் சீல்) போயிருக்கும்.

ஆயில் மூடியின் அடியில் பால் காப்பி நிறத்தில் பசை இருந்தால் பலரும் உடனே ஹெட் கேஸ்கெட் என்று பயந்துவிடுகிறார்கள். குட்டி ஓட்டம் மட்டுமே ஓடிய வண்டியிலும் ஈரம் சேர்ந்து அப்படிப் படியும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம், கூலண்ட் டப்பாவில் எண்ணெய்ப் படலம் என்றால்தான் நிஜமான கவலை. மனசு ஒப்பவில்லை என்றால் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 10–15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

கிளட்சுக்கு, நாலாம் கியரில் 40 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் ஏறி, வேகம் ஏறாவிட்டால் பிளேட் முடிந்தது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் அடிக்கும்போது டக் டக் என்றால் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சிவி ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது. இரண்டுமே வண்டியை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குப் பெரிசில்லை. பார்ட்ஸ் விலையையும் கூலியையும் கேட்ட தொகையில் கழித்துப் பேசலாம்.

*

மேலே விட்டுப்போன ஒன்று: வால்வுகளை பிஸ்டனோடு நேரம் தவறாமல் இயக்குவது டைமிங் பெல்ட்டா, செயினா என்று கேளுங்கள். பெல்ட் என்றால் மாடலைப் பொறுத்து 60,000 முதல் 1,00,000 கி.மீ., அல்லது ஐந்தாறு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும், ஹெட் வேலை வரும். மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும், பெல்ட்டோடு சுற்றும் வகையென்றால் வாட்டர் பம்பும் சேர்த்துப் போடுங்கள். பின்னால் பம்ப் ஒழுகினால் அதே கூலி மறுபடியும்.

செயின் நிரந்தரம் என்பதை நம்ப வேண்டாம். ஆயில் நேரத்துக்கு மாற்றாத வண்டியில் அது நீளும். குளிர்ந்த ஸ்டார்ட்டில் சில விநாடி சலசலத்து அடங்கினால் அடையாளம் அதுதான்.

*

பாடிக்கு: பெயிண்டின் தடிமனை அளக்கும் பெயிண்ட் கேஜில் கம்பெனி பெயிண்ட் பொதுவாக 80–150 மைக்ரான் காட்டும். 200க்கு மேல் மறுபெயிண்ட், ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே பட்டி. மறுபெயிண்ட் மட்டும் என்றால் பரவாயில்லை, கீறலுக்குக்கூட அடிப்பார்கள். கூரையைத் தாங்கும் பில்லர், சேஸிஸ் முனையில் வெல்டிங் இருந்தால் எடுக்காதீர்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று அறிய சீட் பெல்ட்டை கடைசிவரை இழுத்துச் சேற்றுக்கோடு பாருங்கள், ஸ்டெப்னி குழியையும் சீட் தண்டவாளத்தையும் பாருங்கள்.

*

ஓட்டம் குறைவு என்று மட்டும் மயங்காதீர்கள். பத்து வருடத்தில் 25,000 ஓடிய வண்டியில் ரப்பர் ஹோஸ், புஷ், டயர் எல்லாம் வயதால் விறைத்திருக்கும். டயரில் டாட் (DOT) குறியீட்டின் கடைசி நாலு எண் வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம். மீட்டரில் 40,000 காட்டி, பிரேக் பெடல் ரப்பர் மொழுக்கென்று தேய்ந்திருந்தால் கேள்வி கேளுங்கள். ஒழுங்கான சர்வீஸ் பில்களோடு 1,20,000 ஓடியதுதான் என் தேர்வு.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் இருந்தால் கோளாறு கோட் மட்டும் பார்க்காமல், வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் ரெடினஸ் மானிட்டரையும் பாருங்கள். கோட் ஏதும் இல்லாமல், பல மானிட்டர்கள் முடியாமல் கிடந்தால் யாரோ சமீபத்தில் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரி கழற்றியிருக்கிறார்கள். சாவியைத் திருப்பியதும் செக் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட்டானதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியாவிட்டால் விளக்கைப் பிடுங்கியிருக்கலாம்.

விலையில் பத்திலொரு பங்கை முதல் சர்வீஸுக்கு ஒதுக்குங்கள்: இன்ஜின் ஆயில், ஃபில்டர்கள், கூலண்ட், கியர் ஆயில், பிளக், பிரேக் ஃபுளூயிட். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அது ஈரம் உறிஞ்சும், கொதிநிலை இறங்கும், நீண்ட இறக்கத்தில் பெடல் பஞ்சாகும். எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் உடனே மாற்றிவிட்டு, அதன்பின் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை.