வயித்துக் கேன்சர்ல கீமோகைன் சிக்னல்னா என்ன? தெரிஞ்சவங்க சொல்லுங்க

பாலக்கோட்டான்:
சித்தப்பாவுக்கு ரொம்ப வருசமா நெஞ்செரிச்சல், மெடிக்கல்ல கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டே ஓட்டிட்டாரு, இப்பதான் தர்மபுரில எண்டோஸ்கோபி பண்ணி சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புனாங்க. ஹெச் பைலோரிங்கிற வயித்துக் கிருமி பாசிட்டிவ், இன்டெஸ்டினல் மெட்டாபிளேசியான்னு வந்திருக்கு. கேன்சர் இல்லைன்னுட்டாரு டாக்டரு. ஆனா எம்எஸ்சி படிக்கிற தங்கச்சி கீமோகைன் அது இதுன்னு என்னமோ சொல்லி வீட்டையே பயமுறுத்தி வச்சிருக்கா.

அரூர்_பயோ:
அண்ணா, கீமோகைன்ங்கிறது செல்லுங்க வெளிய விடுற குட்டிப் புரதம். தண்டோரா போட்டா ஊரே திரளும்ல, அப்படி அது எங்க கெட்டியா இருக்கோ அங்க வெள்ளணுக்கள் வந்து குவியும். ஹெச் பைலோரி ஒட்டுனதும் இரைப்பை செல்லு ஐஎல்-8னு ஒரு கீமோகைனை விடும், நியூட்ரோபில்ங்கிற வெள்ளணு கூட்டமா வரும். ஆனா கிருமி சளிப்படலத்துக்குள்ள பதுங்கிக்கும், வந்த நியூட்ரோபில் கக்குற ரசாயனம் நம்ம செல்லோட டிஎன்ஏவையே கெடுக்கும். இப்படியே வருசக்கணக்குல புண்ணாகிட்டிருந்தா இரைப்பை சுரப்பிங்க அழிஞ்சு அங்க குடல் செல்லு மாதிரி முளைக்கும், உங்க ரிப்போர்ட்ல இருக்கறது அதான். அது வந்த எல்லாருக்கும் கேன்சர் வராது, கொஞ்சப் பேருக்குத்தான் வரும்.

கேன்சரே வந்துட்டா கட்டி இதே சிக்னல தன் வேலைக்கு வளைச்சுக்கும். சிசிஎல்2னு இன்னொரு கீமோகைனை விட்டு மேக்ரோஃபேஜ்ங்கிற வேற வகை வெள்ளணுவ இழுத்து தனக்கு ரத்தக்குழாய் வளக்க வச்சுக்கும். வயித்தறையோட உள்பக்கச் சவ்வுல (பெரிட்டோனியம், இரைப்பையோட உள்சுவர் இல்ல) சிஎக்ஸ்சிஎல்12னு ஒரு கீமோகைன் சுரக்குது, அதைப் பிடிக்கிற சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பி இருக்கற கேன்சர் செல்லு நேரா அங்க போய் ஒக்காந்துடும், வயித்துல நீர் கோக்கறதெல்லாம் அதுக்கப்புறம்தான்.

போச்சம்பள்ளி மாங்கா:
எங்க ஊர்ல கருவாடு ஊறுகாதான் காரணம்பாங்க. சரி, அந்த சிக்னல அடைக்க மருந்து இல்லியா?

அரூர்_பயோ:
உப்பு ஜாஸ்தியானா அதுவும் ஒரு காரணம்தான், ஆனா கிருமிதான் மெயின், 1994லயே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அதை முதல் வகைல, அதாவது கேன்சர் வரவைக்கும்னு உறுதியானதுங்க லிஸ்ட்ல சேத்துட்டாங்க. சிஎக்ஸ்சிஆர்4ஐ அடைக்கிற பிளெரிக்சாஃபோர்னு ஊசி இருக்கு, 2008ல அமெரிக்கால அனுமதி குடுத்தாங்க, ஆனா அது ரத்தக் கேன்சர்க்காரங்களுக்கு ஸ்டெம்செல் (ரத்தத்தை உண்டாக்குற மூல செல்லு) சேகரிக்க, இரைப்பைக்கு இல்ல.

கிருஷ்ணகிரி லேப்காரன்:
இவரு சொல்றதெல்லாம் சரி, ஆனா சித்தப்பாவுக்கு இப்ப கீமோகைன் டெஸ்ட்டுலாம் தேவையே இல்லீங்க. ஆன்டிபயாட்டிக் கோர்ஸ் 14 நாள்னு எழுதியிருந்தா 14 நாளும் முழுங்கணும், வாய் கசக்குதுன்னு பாதில விட்டுட்டு வர்றவங்கதான் எங்ககிட்ட ஜாஸ்தி. முடிச்சு 4 வாரமாச்சும் கழிச்சு கிருமி போச்சான்னு மூச்சு டெஸ்ட் பாருங்க, அதுக்கு 2 வாரம் முன்னாடியே கேஸ் மாத்திரைய நிறுத்தலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க, இல்லைன்னா கிருமி இருந்தாலும் இல்லைன்னு காட்டிடும். அடுத்த எண்டோஸ்கோபி எப்பன்னும் அப்பவே கேட்டுடுங்க.

பாலக்கோட்டான்:
கேஸ் மாத்திரைய நிறுத்தச் சொன்னா என்னையே அடிக்க வருவாரு. கேக்கறேன் ப்ரோ.