அரசு கேபிள் பாக்ஸில் பார்ப்பதையும் ஸ்மார்ட் டிவி குறித்துக்கொள்ளுமா?

கேள்வி – மன்னார்குடியிலிருந்து
வீட்டில் சாம்சங் டிவி. சீரியல், நியூஸ் எல்லாம் எச்டிஎம்ஐ-யில் மாட்டிய அரசு கேபிள் பாக்ஸில்தான். வைஃபை யூடியூபுக்கு மட்டும். டிவி மாட்ட வந்த பையன் கேட்டதுக்கெல்லாம் ‘அக்செப்ட்’ கொடுத்துட்டார். நாங்க பார்க்கிற சேனல் விவரம் கம்பெனிக்குப் போகுமா? எப்படி நிறுத்துறது?

பதில் – கும்பகோணம்
போகும் அண்ணே. படம் எந்த பாக்ஸிலிருந்து வந்தாலும் டிவிக்கு ஒண்ணுதான். திரையில் ஓடுறதை அடிக்கடி பிடிச்சு, கைரேகை மாதிரி ஒரு குறியாக்கி சர்வருக்கு அனுப்பும். இதுக்கு ஏசிஆர்னு பேர். 2024-ல் வந்த ஒரு பல்கலைக்கழக ஆய்வில் சாம்சங், எல்ஜி டிவிகளை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சோதிச்சாங்க. எச்டிஎம்ஐ-யில் வேற கருவி ஓடினப்பவும் அனுப்புச்சு. செட்டிங்ஸில் அணைச்சதும் நின்னுச்சு. அதனால அணைக்கிறது வீண்வேலை இல்லை.

செட்டிங்ஸ் > ஆல் செட்டிங்ஸ் > ஜெனரல் அண்ட் பிரைவசி > டேர்ம்ஸ் அண்ட் பிரைவசி. அங்கே ‘வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்’, ‘இன்ட்ரஸ்ட் பேஸ்டு’ விளம்பரம் ரெண்டுக்கும் டிக் எடுங்க. பழைய மாடலில் ‘சப்போர்ட்’ மெனுவுக்குள்ள இருக்கும். பொதுவான ‘டேர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ்’ டிக்கைத் தொடாதீங்க, யூடியூப் உட்பட ஆப் எல்லாம் நின்னுடும். ஃபேக்டரி ரீசெட் பண்ணினா அதே கேள்விகள் திரும்ப வரும். அப்ப ரிமோட் உங்க கையிலேயே இருக்கட்டும்.

பதில் – திருவாரூர்
எல்ஜி வச்சிருக்கவங்க ‘லைவ் பிளஸ்’ங்கிறதை அணைக்கணும்: ஜெனரல் > சிஸ்டம் > அடிஷனல் செட்டிங்ஸ். ஃபயர் ஸ்டிக்கில் (யூடியூப் மாதிரி ஆப் ஓட்ட டிவியில் மாட்டுற அமேசான் கருவி) செட்டிங்ஸுக்குள்ள பிரிஃபரன்சஸ் > பிரைவசி செட்டிங்ஸ் போய் மூணையும் ஆஃப் பண்ணுங்க. இதைச் சாதாரணமா விடக்கூடாது. அமெரிக்காவில் 1.1 கோடி விசியோ டிவிகளில் கேட்காமலே இப்படிச் சேகரிச்சதா வழக்கு. 2017-ல் அந்தக் கம்பெனி 22 லட்சம் டாலர் கட்டித் தீர்த்துக்கிச்சு.

பதில் – மயிலாடுதுறை
டிவி அந்த சர்வர்களோட பேசாம இருக்க மோடத்திலும் ஒரு தடுப்பு போடலாம். மோடம் செட்டிங்கில் டிஎச்சிபி (வீட்டுக் கருவிகளுக்கு நெட் முகவரி கொடுக்கிறது) பக்கத்தில் டிஎன்எஸ் (தளத்தின் பேரை வச்சு அதோட முகவரியைத் தேடித் தர்றது) 94.140.14.14, 94.140.15.15 போடுங்க. இது விளம்பர, உளவு சர்வர்களைத் தடுக்கிற ஆட்கார்டோட டிஎன்எஸ். கேபிள்காரர் ஃபைபர் மோடத்துக்கு அட்மின் பாஸ்வேர்டு தரலைன்னா, டிவியின் நெட்வொர்க் செட்டிங்கிலேயே போடலாம். ஐபிவி6 (புது வகை நெட் முகவரி) ஓடினா அதுக்கும் தனியா மாத்தணும், இல்லாட்டி டிவியின் முகவரித் தேடல் அந்த வழியா போயிடும். சில கருவிகள் கூகுளோட டிஎன்எஸ்ஸான 8.8.8.8-ஐ உள்ளேயே பதிச்சு வச்சிருக்கும், அதுகளுக்கு இது பலிக்காது. ஏதாவது ஆப் ஓடாம நின்னா முதல்ல டிஎன்எஸ்-ஐ பழையபடி மாத்திப் பாருங்க.

கேட்டவருக்கு என் யோசனை: டிவி வைஃபையை ‘ஃபர்கெட்’ பண்ணிட்டு யூடியூபுக்கு ஒரு ஸ்டிக் மாட்டுங்க. ஸ்டிக்குக்குத் தன்னில் ஓடுறது மட்டும்தான் தெரியும், கேபிள் பாக்ஸ் பக்கம் அது எட்டிப் பார்க்க முடியாது.