தோட்டப் பாதைப் பேருந்தை நிறுத்துவது நியாயமா என்பதை எப்படி அளப்பது?

லயத்துக்காரி எழுதியது:

வணக்கம். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப் பட்டணத்தில் வசிக்கிறேன். கடைத்தெருவில் புறப்பட்டு, மூன்று செம்பனைத் தோட்டங்களைச் சுற்றிக்கொண்டு, மாவட்ட மருத்துவமனைக்குப் போய்த் திரும்பும் பேருந்தின் பாதையை மாற்றப் போவதாக நிறுத்தத்தில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். இனி அது தோட்டச் சாலைக்குள் திரும்பாமல் பெரிய சாலையிலேயே நேராகப் போகுமாம். ஒரே பேருந்துதான் ஓடுகிறது. தோட்டங்களைச் சுற்றி வரத் தொண்ணூறு நிமிடம் ஆகிறது. நேர்ப் பாதையில் நாற்பத்தைந்து நிமிடமே ஆகும் என்பதால் சேவை இரு மடங்காகும் என்றும், பயணிகளில் பெரும்பாலோர் பயனடைவர் என்றும் அந்த அறிவிப்பு கூறுகிறது.

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இன்னும் இருப்பவர்களில் பலர் பால்மர (ரப்பர்) காலத்திலிருந்து வேலை செய்து ஓய்ந்தவர்கள். பிள்ளைகள் சிலாங்கூருக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். கடைசி லயத்திலிருந்து பெரிய சாலைக்கு மூன்று கிலோமீட்டர்; வழியில் நடைபாதை கிடையாது, செம்பனைக் குலை லாரிகள் ஓயாமல் ஓடும். இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரத்தில் மூன்று நாள் போகிறவர்களும் எங்களிடையே இருக்கிறார்கள்.

மனு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளது. "ஏழைகளைக் கைவிடாதீர்கள்" என்று எழுதினால் வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒரு சேவை மாற்றம் எளிய மக்களுக்கு நியாயமானதா இல்லையா என்பதை எண்ணிக்கையோடு எடுத்துக்காட்டும் முறை ஏதேனும் உண்டா? பெரும்பாலோர் பயனடைகிறார்கள் என்ற வாதத்துக்கு என்ன பதில் சொல்வது?

பாதைத் திட்டக்காரர் எழுதியது:

நான் போக்குவரத்துத் திட்டமிடல் துறையில் வேலை செய்கிறேன். நீங்கள் கேட்கும் முறை அமெரிக்காவில் விதியாகவே எழுதப்பட்டது. அங்கே 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் பகுதி, கூட்டரசுப் பணம் பெறும் எந்த அமைப்பும் இனம், நிறம், பூர்விக நாடு ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. அதன் அடிப்படையில் 2012இல் வெளியான சுற்றறிக்கை ஒன்று, 200,000 அல்லது அதற்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகர்ப்புறங்களில், நெரிசல் நேரத்தில் 50 அல்லது அதற்கு மேற்பட்ட வண்டிகளை ஓட்டும் நிறுவனங்கள், பெரிய சேவை மாற்றம் எதையும் முடிவு செய்வதற்கு முன்பாக அதன் பாதிப்பு யார்மேல் விழுகிறது என்று கணக்கிட வேண்டும் என்று விதித்தது. "பெரிய மாற்றம்" என்பது எது என்பதையும், எவ்வளவு வேறுபாடு வந்தால் அதைப் பாகுபாடாகக் கொள்வது என்பதையும் நிறுவனமே, மக்களைக் கலந்து, முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டியிருந்தது. ஒரு பாதையின் சேவையில் 25 விழுக்காடு கூடினாலோ குறைந்தாலோ பெரிய மாற்றம் என்று பல நிறுவனங்கள் வைத்துக்கொள்கின்றன. வருமானம் அந்தச் சட்டத்தில் இல்லை என்றாலும், குறைந்த வருமானக்காரர்களுக்கும் இதே போன்ற கணக்கைத் தனியாகப் போடச் சுற்றறிக்கை சொன்னது.

இந்தச் சட்டத்துக்குப் பல் இருந்தது என்பதற்குச் சான்று, அந்தச் சுற்றறிக்கைக்கு முன்பே 2010இல் நடந்தது. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தின் பார்ட் ரயில் நிறுவனம் ஓக்லண்ட் விமான நிலைய இணைப்புப் பாதைத் திட்டத்துக்கு இப்படிப்பட்ட நியாயக் கணக்கை முறையாகப் போடவில்லை என்று கூறி, அதற்கு ஒதுக்கியிருந்த 70 மில்லியன் டாலரைக் கூட்டரசு திரும்ப எடுத்துக்கொண்டது. நம் நாட்டில் அப்படியொரு கட்டாயம் இல்லை. ஆனால் கணக்குப் போடும் முறையை இரவல் வாங்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

உங்கள் பாதையில் நாளொன்றுக்கு 200 பேர் பயணம் செய்வதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அவர்களில் 50 பேர் தோட்டங்களில் குடியிருப்பவர்கள், அதாவது 25 விழுக்காடு. மாற்றத்தால் 60 பேர் சேவையை இழக்கிறார்கள். அவர்களில் அந்த 50 பேரும் அடங்குவர், மற்ற பத்துப் பேர் தோட்டப் பள்ளிக்கு வெளியிலிருந்து வந்து போகும் ஊழியர்கள். ஆகவே பயணிகளில் 25 விழுக்காடாக உள்ளவர்கள் இழப்பில் 83 விழுக்காட்டைச் சுமக்கிறார்கள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் அந்த முறையின் சாரம்.

இனி, பெரும்பாலோர் பயனடைகிறார்கள் என்ற வாதத்துக்கு வருகிறேன். எஞ்சிய 140 பேருக்குச் சராசரிக் காத்திருப்பு 45 நிமிடத்திலிருந்து ஏறத்தாழ 22 நிமிடமாகக் குறைகிறது என்று எழுதுவார்கள். மொத்தத்தில் 3,000 நிமிடத்துக்குச் சற்று மேல் மிச்சம். இழப்பவர்கள் 60 பேரும் ஆளுக்கு 45 நிமிடம் நடப்பதாகக் கொண்டால் 2,700 நிமிடம். கூட்டிக் கழித்தால் ஊருக்கு இலாபம் என்று வரும். இந்தக் கூட்டலில் இரண்டு ஓட்டைகள் உள்ளன. ஒன்றரை மணிக்கு ஒரு முறை வரும் பேருந்துக்காக யாரும் முக்கால் மணி நேரம் நிறுத்தத்தில் நிற்பதில்லை. நேரம் பார்த்துத்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். எனவே மிச்சமாகும் நேரத்தின் பெரும்பகுதி தாளில் மட்டுமே இருக்கிறது. மற்றொன்று, சுத்திகரிப்பு முடிந்து களைத்து வரும் எழுபது வயது நோயாளிக்கு மூன்று கிலோமீட்டர் என்பது நாற்பத்தைந்து நிமிடம் அன்று. அவரால் அந்தப் பயணமே முடியாது. நின்றுபோன பயணத்தை நிமிடத்தில் எழுதிக் கூட்டுவது கணக்காகாது. உங்கள் மனுவில் "யாருக்கு எவ்வளவு நேரம் கூடுகிறது" என்ற பட்டியலுக்கு முன்னால் "யார் எந்த இடத்துக்கு இனிப் போகவே முடியாது" என்ற பட்டியல் வரட்டும்.

பழைய ஸ்டேஜ் ஓட்டுநர் எழுதியது:

மேலே எழுதியவர் சொல்வதில் கணக்கு சரி. ஆனால் இப்படிப்பட்ட பாதையில் பல ஆண்டுகள் பேருந்து ஓட்டியவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சிரம்பான், ஈப்போ போன்ற நகரங்களில் 2015ஆம் ஆண்டு தொடங்கிக் கொண்டுவரப்பட்ட மைபாஸ் ஏற்பாட்டில், ஓடும் கிலோமீட்டருக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் வண்டி ஓடும். அந்த ஏற்பாடு எட்டாத சிறு பட்டணங்களில் டிக்கெட்டில் வரும் காசிலிருந்துதான் டீசலும் சம்பளமும் போக வேண்டும். தோட்டத்துக்குள் காலை இரண்டு நடைக்கும் மாலை ஒரு நடைக்கும் ஆள் இருக்கும். மற்ற நடைகளில் நானும் என் பையும்தான் போய் வந்திருக்கிறோம். குலை ஏற்றும் பருவத்தில் லாரிக்கு வழிவிட்டு நின்றே பாதி நேரம் போய்விடும்.

அதைவிட முக்கியமான ஒன்றைத் தங்கை கவனிக்க வேண்டும். பெரிய சாலை ஓரத்து மலிவு விலை அடுக்குமாடியில் இருக்கிறவர்கள் யார்? பால்மரத் தோட்டங்கள் விற்கப்பட்டுத் தாமான்களாக (குடியிருப்புப் பகுதிகளாக) மாறியபோது லயத்தை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்கள்தாம் அங்கே அதிகம். அவர்களும் நம்மவர்களே, அவர்களும் வருமானத்தில் கீழ்நிலை 40 விழுக்காட்டினர் எனும் பி40 பட்டியலில் இருப்பவர்களே. தொழிற்சாலை ஷிப்டுக்கு நேரத்தில் போக முடியாமல் வேலையை இழந்தவர்களும் அங்கே உண்டு. அடிக்கடி பேருந்து வந்தால் அவர்களுக்கு அது பெரிய விஷயம். ஏழைக்கும் பணக்காரருக்கும் இடையிலான வழக்கைப் போல மனுவை எழுதினால், அடுக்குமாடிக்காரர்களே எதிர்த்துக் கையெழுத்துப் போடுவார்கள்.

மாலைநேர ஆசிரியை எழுதியது:

ஓட்டுநர் ஐயா சொன்னதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. அமெரிக்க முறையை அப்படியே கொண்டுவந்து இன வாரியாகப் பங்கு பிரித்தால், இழப்பவர்களும் இந்தியர்கள், பெறுபவர்களும் பெரும்பாலும் இந்தியர்கள் என்று வந்து, பாகுபாடு இல்லை என்ற விடை கிடைத்துவிடும். வருமானத்தை வைத்துப் பிரித்தாலும் அதே கதைதான். இந்தப் பாதையில் மக்களைப் பிரித்துக் காட்டுவது வேறு: வீட்டில் ஓட்டக்கூடிய நிலையில் மோட்டார் சைக்கிள் இருக்கிறதா, அதை ஓட்ட உரிமம் உள்ள ஆள் பகலில் வீட்டில் இருக்கிறாரா, வயது என்ன, மாற்றுத் திறனாளிகளுக்கான ஓகேயூ அட்டை உண்டா, நிறுத்தம் வரை நடக்க முடியுமா. என் அனுபவத்தில் லயத்துப் பெண்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பலருக்கு உரிமமே கிடையாது. கணவர் மோட்டாரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டால், மோட்டார் உள்ள வீடு என்று கணக்கில் வரும் வீட்டில் அவர்களுக்குப் பேருந்தைத் தவிர வேறு வழி இல்லை.

புள்ளிவிவரத் துறையின் எண்களை நம்பி மட்டும் மனுவை எழுதிவிடாதீர்கள். தொகுதி, மாவட்டம் என்ற அளவில் கிடைக்கும் சராசரிகளில் மூன்று தோட்டங்களின் லயங்கள் காணாமல் போய்விடும். அதே போல், பேருந்தில் ஏறியவர்களை மட்டும் எண்ணினால் சேவை மோசமானதால் ஏற்கெனவே ஏறுவதை விட்டுவிட்டவர்கள் விடுபடுவார்கள். படிவம் ஒன்று முதல் பட்டணத்துப் பள்ளியில் படிக்கும் எங்கள் மாணவர்களில் சிலர் மாலை வகுப்புக்கு நிற்பதில்லை. பள்ளிப் பேருந்து மதியமே போய்விடுகிறது, பொதுப் பேருந்தின் நேரமும் ஒத்து வருவதில்லை. எந்த டிக்கெட்டிலும் அவர்களுடைய பெயர் இல்லை. ஆகவே பேருந்துக்குள் எண்ணுவதோடு வீடு வீடாகவும் கேளுங்கள். தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத் தொழிலாளர்களையும் இந்தோனேசியத் தொழிலாளர்களையும் விட்டுவிட வேண்டாம். உள்ளே பூர்வகுடிக் கம்பம் (கிராமம்) இருந்தால் அவர்களையும் சேருங்கள். பேருந்தை இழப்பவர்கள் நாம் மட்டும் அல்லர்.

அந்த அறிவிப்பு எந்த மொழியில் ஒட்டப்பட்டிருக்கிறது, எத்தனை நாள் அவகாசம் தந்திருக்கிறது என்பதையும் படம் எடுத்து வையுங்கள்.

லயத்துக்காரி எழுதியது:

மூவருக்கும் நன்றி. அறிவிப்பு மலாயில் மட்டுமே உள்ளது, கருத்துக் கூறக் கடைசி நாள் எது என்ற குறிப்பு அதில் இல்லை. ஓட்டுநர் ஐயா சொன்ன அடுக்குமாடிக் குடும்பங்களில் என் சித்தியின் குடும்பமும் ஒன்று. அவர்களுக்கு எதிராக எழுத எனக்கு மனம் இல்லை. இரண்டு பக்கமும் ஏற்கும்படியான மாற்று வழி ஒன்றைக் கேட்க முடியுமா? மனுவை யாரிடம் கொடுப்பது?

பாதைத் திட்டக்காரர் எழுதியது:

மாற்று வழி கேட்பதுதான் உங்களுடைய வலுவான இடம். அமெரிக்க விதியிலும் இன வாரியான பாகுபாடு தெரிந்துவிட்டால், மாற்றத்துக்குத் தக்க காரணம் இருப்பதோடு, அதே நோக்கத்தைக் குறைந்த பாதிப்போடு அடையும் வேறு வழி இல்லை என்றும் நிறுவனம் காட்ட வேண்டியிருந்தது.

நீங்கள் கொடுத்த எண்களையே எடுத்துக்கொள்வோம். காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை 720 நிமிடம். இப்போது தொண்ணூறு நிமிடச் சுற்றாக எட்டு நடை. அவர்கள் திட்டப்படி நாற்பத்தைந்து நிமிடச் சுற்றாகப் பதினாறு நடை, தோட்டத்துக்கு ஒன்றும் இல்லை. நான்கு நடை மட்டும் தோட்டத்துக்குள் போனால் 360 நிமிடம் செலவாகும்; மீதி 360 நிமிடத்தில் எட்டு நேர் நடை ஓடும். தோட்டத்துக்கு நான்கு நடை, அடுக்குமாடிக்குப் பன்னிரண்டு நடை. இப்போது எட்டு நடை பெறும் உங்கள் சித்திக்கும் இது முன்னேற்றமே. வண்டியும் ஒன்று, ஓட்டும் நேரமும் அதே நேரம். ஓட்டுநரின் ஓய்வு நேரத்தை இதில் நான் கழிக்கவில்லை. ஐயா அதைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். ஹூஸ்டன் நகரம் 2015இல் தன் பேருந்து வலைப்பின்னலை மாற்றியபோது, வளத்தில் 80 விழுக்காட்டை அதிகப் பயணிகள் கிடைக்கும் பாதைகளுக்கும் 20 விழுக்காட்டை ஆள் குறைந்த பகுதிகளுக்கும் ஒதுக்குவதென்று நிர்வாகக் குழு வெளிப்படையாக முடிவு செய்தது. உங்கள் ஊரிலும் அப்படி ஒரு பங்கைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். சொல்ல மறுத்தால் அந்தப் பங்கு சுழியம் என்று மனுவில் எழுதிவிடலாம்.

மனுவை நிறுவனத்துக்கு மட்டும் கொடுக்க வேண்டாம். தீபகற்பத்தில் பேருந்து உரிமங்கள் 2010ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் வருகின்றன. ஸ்பாட் எனும் தரைப் பொதுப் போக்குவரத்து ஆணையம் கலைக்கப்பட்ட பின் 2019 முதல், போக்குவரத்து அமைச்சின்கீழ் உள்ள அபாட் எனும் அமைப்பு அதைப் பார்த்துக்கொள்கிறது. அங்கேயும் மாவட்ட அலுவலகத்திலும் சட்டமன்ற உறுப்பினரிடமும் ஒரே நாளில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்துவதில் ஓகேயூ மக்களுக்கு உள்ள உரிமையை 2008ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம் 27ஆம் பிரிவில் கூறுகிறது. அதை ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும். தகவல் பெறும் உரிமைச் சட்டம் என்று யாராவது சொன்னால் நேரத்தை வீணாக்காதீர்கள். சிலாங்கூரிலும் பினாங்கிலும் உள்ளவை மாநிலச் சட்டங்கள், கூட்டரசு அமைப்பின் கோப்புகளை அவை எட்டா.

பழைய ஸ்டேஜ் ஓட்டுநர் எழுதியது:

ஓய்வு நேரம் கழித்தால் மொத்தத்தில் ஒரு நேர் நடை குறையும், பதினொன்று ஓடும், அது நடக்கக்கூடியதே. தோட்டத்து நான்கு நடையில் இரண்டைக் காலை எட்டு மணிக்கு முன்பும், ஒன்றை மருத்துவமனையில் காலைச் சுத்திகரிப்பு முடியும் நேரத்துக்கும், ஒன்றை மாலை வகுப்பு விடும் நேரத்துக்கும் வையுங்கள். ஆளை எண்ணுவதற்கு ஒரு செவ்வாய்க்கிழமையையும், பட்டணத்தில் சந்தை கூடும் நாளையும், சம்பளம் போட்ட மறுநாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறை வாரத்தில் எண்ண வேண்டாம். அந்த எண்ணைத்தான் நிறுவனம் தன் பக்கத்துக்கு எடுத்து வைக்கும்.