டோக்கியோவில் ஒரே ஒரு திங்கட்கிழமை: என் பயணத் திட்டம் எங்கே இடறுகிறது?

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். நவம்பர் நடுவில் ஊர் திரும்பும் வழியில் எனக்கும் எழுபது வயதைக் கடந்த என் அம்மாவுக்கும் டோக்கியோவில் முழுதாக ஒரு நாள் கிடைக்கிறது, அது திங்கட்கிழமை. தங்குமிடம் உயெனோ நிலையத்துக்கு அருகில். காலையில் அரண்மனையின் கிழக்குத் தோட்டம், அடுத்து உயெனோ தேசிய அருங்காட்சியகம், மதியம் அசாகுசாவின் சென்சோஜி கோயிலும் ஸ்கைட்ரீ கோபுரமும், மாலை ஐந்து மணிக்கு மெய்ஜி ஆலயம், இரவு ஷிபுயா நாற்சந்தி என்று எழுதி வைத்திருக்கிறேன். சுரங்க ரயிலின் ஒரு நாள் சீட்டு எல்லாவற்றுக்கும் போதும் என்றும் எண்ணியிருந்தேன். ஆனால் எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் நேரம் பற்றவில்லை. அம்மா சமதரையில் மெதுவாக நடப்பார். முழங்கால் வலியால் படி ஏற முடியாது. நாங்கள் சைவ உணவு மட்டுமே உண்பவர்கள். எதை விடலாம், எதை எந்த வரிசையில் வைக்கலாம் என்று சொல்லுங்கள்.

மறுமொழி: சுமிதா ஓரம்

வணக்கம். நேரம் பற்றாதது ஒருபுறமிருக்க, உங்கள் பட்டியலின் முதல் இரண்டு இடங்களுமே திங்கட்கிழமை மூடியிருக்கும். கிழக்குத் தோட்டத்துக்குத் திங்களும் வெள்ளியும் விடுமுறை, அருங்காட்சியகத்துக்குத் திங்கள். தோட்டத்தை இழப்பதற்காக வருந்த வேண்டாம். அந்தத் தோட்டம் இருக்கும் பழைய எடோ கோட்டையின் பெருங்கோபுரம் 1657ஆம் ஆண்டுத் தீயில் அழிந்த பிறகு மீண்டும் கட்டப்படவில்லை. அங்கே எஞ்சியிருப்பது அதன் கல் அடித்தளம்தான். மூன்றாவது பிழை மெய்ஜி ஆலயம். அது சூரியன் எழும்போது திறந்து, மறையும்போது மூடப்படும். நவம்பர் நடுவில் டோக்கியோவில் மாலை நாலரை மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடுவதால், ஐந்து மணிக்குப் போனால் பூட்டிய வாசலைத்தான் பார்ப்பீர்கள். சீட்டைப் பொறுத்தவரை, நகரைச் சுற்றி ஓடும் யமனோதே வட்டப்பாதை ரயில், சுரங்க ரயில் அன்று; அது வேறு நிறுவனத்தின் வழித்தடம் என்பதால் சுரங்க ரயிலின் ஒரு நாள் சீட்டு அதில் செல்லாது. சுய்கா அல்லது பாஸ்மோ அட்டையில் பணம் ஏற்றிக்கொண்டால் இரண்டிலும் தடையின்றிப் போகலாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவே அம்மா உட்கார்ந்து வரும்படியாக நாளைக் கோர்ப்பேன். காலை எட்டு மணிக்கு உயெனோவிலிருந்து கின்சா தடத்தில் மூன்றாவது நிறுத்தமான அசாகுசாவில் இறங்குங்கள். 1927ஆம் ஆண்டின் கடைசியில் ஆசியாவின் முதல் சுரங்க ரயில் ஓடியது இந்தத் துண்டுப் பாதையில்தான். சென்சோஜியின் முன்வாசலில் தொங்கும் சிவப்புக் காகித விளக்கு ஏறத்தாழ 700 கிலோ எடையுள்ளது. அந்நேரத்தில் கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள நாகமிசே கடைகளில் பல திறந்திருக்காது. அதனாலேயே கூட்டமில்லாமல் அம்மா தம் போக்கில் நடக்கலாம். கருவறை மண்டபம் போரில் எரிந்து 1958இல் மீண்டும் எழுந்தது.

அங்கிருந்து பத்து நிமிட நடையில், ஆற்றை ஒட்டிய சிறு குன்றின் மேல் மட்சுசியாமா ஷோதென் என்ற கோயில் இருக்கிறது. பயணக் கையேடுகள் அதற்கு இடம் தருவது குறைவு. ஆனால் உங்கள் அம்மாவுக்கு அந்த நாளில் மிகவும் பிடிக்கப்போவது அதுதான் என்று நம்புகிறேன். அங்கே குடிகொண்டிருப்பவர் காங்கிதென், அதாவது பௌத்தத்தின் வழியே ஜப்பானுக்குப் போன நம் பிள்ளையார். திருவுருவத்தைப் பொதுவில் காட்டுவதில்லை. அவருக்கு அங்கே படைப்பது வெள்ளை முள்ளங்கி. முள்ளங்கி வடிவத்தையும் பணப்பை வடிவத்தையும் கோயில் முழுவதும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். படி ஏற இயலாதவர்களுக்காகச் சரிவில் ஒரு சிறிய தண்டவாளப் பெட்டியும் ஓடுகிறது.

பிறகு அசாகுசா படகுத்துறையிலிருந்து சுமிதா ஆற்றில் ஹினோதே துறை வரை படகில் செல்லுங்கள். ஏறத்தாழ நாற்பது நிமிடம் பாலங்களுக்கு அடியில் உட்கார்ந்தே போகலாம். 634 மீட்டர் உயர ஸ்கைட்ரீயை ஆற்றிலிருந்தே முழுதாகப் பார்த்துவிடுவதால், அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. துறையிலிருந்து ஹமமட்சுசோ நிலையத்துக்கு நடந்து, யமனோதே ரயிலில் ஹராஜுகு போய், இரண்டு மணிக்குள் மெய்ஜி ஆலயத்தை அடைந்துவிடுங்கள். 1920இல் அமைத்த அந்த ஆலயத்தைச் சூழ்ந்த காடு, நாடெங்கிலுமிருந்து மக்கள் அனுப்பிய சுமார் ஒரு லட்சம் மரங்களை நட்டு மனிதர் உருவாக்கியது. பாதை சரளைக்கல், நின்று நின்று போகட்டும். நவம்பர் 15ஐ ஒட்டி மூன்று, ஐந்து, ஏழு வயதுக் குழந்தைகளைக் கிமோனோ உடுத்தி அழைத்து வரும் வழக்கம் உள்ளதால், அந்த அழகும் கிடைக்கலாம்.

மறுமொழி: தாழம்பூ

உணவைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். சைவமாகத் தோன்றும் மிசோ எனும் சோயா விழுது சூப், உதோன் எனும் கோதுமை நூடுல்ஸ், மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறித் தெம்புராவுக்கான தொட்டுகை ஆகியவற்றில் பெரும்பாலும் உலர்ந்த மீனில் எடுத்த சாறு இருக்கும். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. அந்த மீன் சாறான "கட்சுவோ தாஷி" இருக்கிறதா என்று கேளுங்கள். மதியத்துக்குக் கையில் எடுத்துப் போவது நல்லது. இரவுக்கு, உயெனோவுக்கு அடுத்த நிலையமான ஒகாசிமாசியில் இறங்குங்கள். நகை வணிகத்துக்காக இந்தியர்கள் பலர் வந்துபோகும் பகுதி என்பதால் அங்கே இந்திய சைவ உணவகம் கிடைக்கும்.

கேட்டவர்: வைகைக்கரை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பிள்ளையார் கோயிலைப் பற்றிச் சொன்னதும் அம்மா அதை முதலில் எழுதிக்கொள்ளச் சொன்னார். ஒரு சந்தேகம்: ஆலயத்துக்குப் பிறகு ஷிபுயா நாற்சந்தி அவருக்குச் சரிப்படுமா?

மறுமொழி: சுமிதா ஓரம்

மாலை நெரிசலில் வேண்டாம். ஹராஜுகுவிலிருந்து எதிர்த்திசையில் இரண்டாவது நிலையம் ஷின்ஜுகு. அங்கே பெருநகர அரசுக் கட்டடத்தின் 45ஆம் தளத்தில், 202 மீட்டர் உயரத்தில், கட்டணமில்லாத காட்சித்தளம் உண்டு; மின்தூக்கியிலேயே போய்விடலாம். வானம் தெளிவாக இருந்தால் மேற்கே ஃபூஜி மலை தெரியும். ஆலயத்தை மூன்றரைக்குள் விட்டுக் கிளம்புங்கள். நிலையத்திலிருந்து கட்டடம் வரை நடை நீளம் என்பதால் வாடகைக் காரில் போங்கள். எந்த நிலையத்திலும் மின்தூக்கி எல்லா வாசல்களிலும் இருக்காது. வெளியேறுமுன் சுவர்ப்பலகையில் அதன் குறியைத் தேடி அந்த வாசலுக்கே நடத்திச் செல்லுங்கள்.