பாம்பன் வீட்டார் குழு: ஜூன் 13, இரவு

லூர்து அத்தை: ஐஸ் பிளாண்டுல யாருக்கோ விரல் போயிருச்சாமே? நம்ம தெருப் பையனாம்ல

பிரிட்டோ: ஆமா அத்தை. ரெண்டு விரல். மதுரைக்குக் கொண்டு போயிருக்காக

லூர்து அத்தை: மாதாவே

மரியா: நாளன்னைக்கு எங்க வீட்டுக்காரரு மொத தடவையா மீன் பிடிக்கப் போட்டுக்குப் போறாரு. வயித்தக் கலக்குது. சூசை பெரியப்பா, என்னென்ன பாத்துக்கணும்?

சூசை பெரியப்பா: மோதிரம், கைச்சங்கிலி, மணிக்கட்டுக் கயிறு எல்லாத்தையும் கரையிலயே கழட்டணும்மா. கம்பி ரோப்புல ஒரு பிரி அந்து முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். வலைய இழுக்குற வின்ச்சு மிஷின் சுத்தும்போது அது மோதிரத்துல மாட்டுனா, விரல் தோலும் சதையும் உறை மாதிரி உருவிக்கிட்டு வந்துரும். கையுறையும் அப்படித்தான். நிக்கிற ரோப்பத் தொட தோல் கையுறை வேணும். ரோப்பு சுத்துற உருளை, அந்த டிரம்மு பக்கம் கையுறை போட்ட கையும் போகக் கூடாது, வெறுங்கையும் போகக் கூடாது. ரோப்ப வரிசையா ஏத்தணும்னா கம்பால தள்ளணும்.

கென்னடி: மோதிரத்தையா? முக்கால் பவுனு கம்மின்னு கல்யாணத்தன்னைக்கே பேச்சு வாங்குனோம். இப்ப கழட்டிட்டா மாப்ளயோட அம்மா என்ன சொல்லுவாக

செல்வம்மா: அந்தப் பேச்ச இங்க எடுக்காதடா

சூசை பெரியப்பா: இன்னொண்ணு. மீன்பிடித் தடைக்காலம்னு 61 நாள் சும்மா கெடந்த வின்ச்சு. கிளட்ச்சு தேஞ்சிருந்தா லிவர நியூட்ரல்ல போட்டாலும் டிரம்மு மெல்லச் சுத்தும். நின்னுருச்சுன்னு கை வைக்கிற நேரம்தான் விரல் நசுங்குது. நாளைக்குப் போட்டு கட்டுற ஜெட்டியிலயே வெறும் டிரம்ம ஓட்டி, நியூட்ரல் போட்டு ஒரு நிமிஷம் பாக்கணும். பிரேக் பட்டையில துரு, கிரீஸ் இருக்கான்னும் பாக்கணும். ரோப்ப எவ்வளவு விட்டாலும் டிரம்முல மூணு சுத்து மிச்சம் கெடக்கணும். லிவருல நிக்கிறவனுக்கு டிரம்மு தெரியலன்னா நடுவுல ஒரு ஆளு நின்னு கையால சைகை காட்டணும். இஞ்சின் சத்தத்துல கத்துனா கேக்காது. விடியக்காலம் கடைசியா மடிய, அதான் வலைய, வாங்கும்போது எல்லாரும் தூக்கக் கலக்கத்துல அவசரப்படுவாக, அப்பத்தான் கூடுதல் கவனம்.

பிரிட்டோ: வின்ச்சு செயினு மேல மூடியே இல்ல பெரியப்பா. ஓனருகிட்ட யாரு சொல்றது

கென்னடி: நான் சொல்ல மாட்டேன். போன வருசக் கணக்கே இன்னும் தீரல

லூர்து அத்தை: நாளைக்கு ஃபாதர் போட்டுக்கு மந்திரிக்க எத்தன மணிக்கு வாராரு? சாப்பாடு எத்தன பேருக்கு?

ஜெசி அக்கா: அத்தை, ஒரு நிமிஷம். துண்டான விரல ஐஸுல நேரா போட்டுறாதீக. போட்டுல ஐஸு கெடக்கேன்னு அதத்தான் செய்றாக, சதை உறைஞ்சு செத்துரும். சுத்தமான துணிய நனைச்சுப் பிழிஞ்சு விரலச் சுத்தி, பிளாஸ்டிக் கவருல போட்டு இறுக்கி முடிஞ்சு, அந்தக் கவர ஐஸ் தண்ணிக்குள்ள வைக்கணும். காயத்த அழுத்திப் பிடிச்சு, கையத் தூக்கி வச்சு, ஆறு மணி நேரத்துக்குள்ள சேத்தா நல்லது.

பிரிட்டோ: திருக்கை குத்துனா?

ஜெசி அக்கா: பொறுக்கிற சூட்டுத் தண்ணியில ஒண்ணு, ஒன்றரை மணி நேரம் கைய முக்கி வை. சூட்ட மத்தக் கையால பாரு, குத்துன கைக்கு மரத்துப் போயி தெரியாது. ஆழமாப் போன முள்ளப் பிடுங்காத. டிடி ஊசி கண்டிப்பா.

செல்வம்மா: ஐஸ் பிளாண்டுப் பையனுக்கு எப்படி ஆச்சாம்?

பிரிட்டோ: ஐஸ் பாரு சிக்கிருச்சுன்னு, ஓடுற ஐஸ் ஒடைக்கிற மிஷின்ல கைய விட்டுத் தள்ளுனானாம்

சூசை பெரியப்பா: மெயின் சுவிட்ச அமத்தி, பிளேடு நிக்கிற வரைக்கும் பொறுத்து, கட்டையால தள்ளணும். மெயின் பக்கத்துல ஒரு ஆள நிறுத்தணும், இல்லன்னா தெரியாம இன்னொருத்தன் போட்டுருவான்.

மரியா: மோதிரம் வர மாட்டேங்குதுக்கா. முட்டி வீங்கியிருக்கு

ஜெசி அக்கா: தையல் நூல எடு. ஒரு நுனிய மோதிரத்துக்கு அடியில விட்டு உள்ளங்கைப் பக்கம் இழுத்து வை. மிச்ச நூல மோதிரத்த ஒட்டி, முட்டியத் தாண்டுற வரைக்கும் நெருக்கமாச் சுத்து. அப்பறம் உள்ளங்கைப் பக்க நுனிய விரல் நுனியப் பாத்து இழுத்துச் சுத்திக்கிட்டே வா. நூலு பிரியப் பிரிய மோதிரம் நகரும்.

கென்னடி: மாப்ளயோட அம்மாகிட்ட யாரு சொல்றது

செல்வம்மா: நாளைக்குப் பேசிக்கலாம்

லூர்து அத்தை: அம்பது பேருக்கு ஆக்கவா?

மரியா: முட்டி வரைக்கும் வந்துருச்சுக்கா