தையல் கூலி பாக்கி 5.8 லட்சம்: செக்கைப் போடலாமா, பீஸைப் பிடித்து வைக்கலாமா?

ஓவர்லாக் அக்கா

வணக்கம். திருப்பூரில் பெருமாநல்லூர் ரோட்டுப் பக்கம் 12 மெஷின் வைத்து ஸ்டிச்சிங் யூனிட் நடத்துகிறோம். முழுக்க ஜாப் ஒர்க், அதாவது அவர்கள் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது. மூன்று பார்ட்னர்கள் நடத்தும் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போன தீபாவளிக்கு முன்பிருந்து டி-ஷர்ட் தைத்துக் கொடுத்தோம். கூலி பாக்கி ரூ. 6,40,000 என்று அவர்களே கணக்குப் பார்த்து, அந்தத் தொகைக்கு ஒரு செக் கொடுத்தார்கள். தேதி போடவில்லை. "பையர்கிட்ட இருந்து பணம் வரட்டும், சொல்றேன், அப்பப் போட்டுக்குங்க" என்றார் பெரிய பார்ட்னர். பொங்கலுக்கு முன்னால் ஜிபேயில் 60,000 வந்தது. அதோடு சரி.

இப்போது போன் செய்தால் சின்ன பார்ட்னர்தான் எடுக்கிறார். ஷார்ட்டேஜ், ஊசி ஓட்டை, ஷிப்மென்ட் லேட் என்று டெபிட் நோட் போட்டுக் கூலியில் கழிக்கப் போகிறாராம். ஒவ்வொரு லாட்டையும் அவர்களுடைய செக்கிங் ஆள் வந்து பார்த்துத்தான் வண்டியில் ஏற்றினார். அப்போது இல்லாத ஓட்டை இப்போது எங்கிருந்து வந்தது?

சனிக்கிழமை ஆனால் டெய்லர்களுக்குச் சம்பளம் போட்டாக வேண்டும். என் வளையல் ஏற்கெனவே அடகுக் கடையில்.

செக்கில் தேதி போட்டு 6,40,000க்கே பேங்கில் போடலாமா? கடைசி லாட் 1,150 பீஸ் முடிந்து இங்கேயே கிடக்கிறது, பில் இன்னும் போடவில்லை. அதைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாமா? இல்லை, போலீஸுக்கே போய்விடலாமா? சிறு தொழிலுக்கான உதயம் பதிவுச் சான்றிதழ் 2021லேயே எடுத்துவிட்டோம். எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி பில் இருக்கிறது.

கொங்குத் தறி

நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் கம்பெனி கேட்டில் உட்காருங்க அக்கா. கன்டெய்னர் ஏற்றுகிற நாளாகப் பார்த்துப் போங்க. சாயங்காலத்துக்குள் பணம் வரும். எனக்கு அப்படித்தான் வந்தது.

கணக்கு மேஜை

தறி அண்ணனுக்கு வந்திருக்கலாம். ஆனால் கேட்டில் உட்கார்ந்த அன்றைக்கே "மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள்" என்று ஒரு புகார் உங்கள் மேல் போகும். பாக்கி கேட்கப் போனவர் ஸ்டேஷனில் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். போலீஸில் நீங்களே புகார் கொடுத்தால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு சிஎஸ்ஆர் ரசீது கிடைக்கும், "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்கம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் மோசடி வழக்கு. வேலை வாங்கிவிட்டு இழுத்தடிப்பது அதில் சேராது.

நான் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். வக்கீல் இல்லை. ஆனால் இந்தக் கதையை மேஜைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

முதலில், அந்தச் செக்கை 6,40,000க்குப் போடாதீர்கள். தேதி இல்லாதது பிரச்சினை இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக்கை வாங்கியவர் பூர்த்தி செய்யலாம். சிக்கல் அந்த 60,000தான். செக் கொடுத்த பிறகு ஒரு பகுதிப் பணம் வந்துவிட்டால், அதைச் செக்கின் மேல் குறித்துக் கழிக்காமல் முழுத் தொகைக்குப் போட்டால் செக் திரும்பியதற்கான 138வது பிரிவு வழக்கு நிற்காது என்று உச்ச நீதிமன்றம் 2022ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எதிர்க் கட்சி வக்கீல் உங்கள் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை முதல் நாளே நீட்டுவார். 5,80,000க்குப் புதுச் செக் வாங்குவதுதான் சுத்தமான வழி.

எப்படி வாங்குவது? அதற்குத்தான் அந்த 1,150 பீஸ். உங்கள் கையில் இருக்கிற ஒரே பிடி அது. ஒப்பந்தச் சட்டம் 170வது பிரிவுப்படி, ஒரு பொருளில் உழைப்புப் போட்டவர், அந்தப் பொருளுக்கான கூலி வரும் வரை அதைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளலாம், வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாமல் இருந்தால். கவனியுங்கள், அந்த லாட்டுக்கான கூலிக்கு மட்டும்தான். பீஸுக்கு 18 ரூபாய் என்றால் 20,700. அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டால் பழைய 5.8 லட்சத்தைச் சொல்லிப் பீஸைப் பிடித்து வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. மறந்தும் வெளியே விற்றுவிடாதீர்கள், அது நம்பிக்கை மோசடி ஆகிவிடும்.

ஆனால் நடைமுறை என்ன? இன்றைக்கே பில் போட்டு, "கூலி வந்ததும் டெலிவரி" என்று மெயில் அனுப்புங்கள். ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் போனை எடுக்காத பெரிய பார்ட்னரே வண்டியோடு வருவார். வந்தவரை உட்கார வைத்து டீ கொடுத்து, லெட்டர்ஹெட்டில் "இன்ன தேதி வரை பாக்கி 5,80,000" என்று பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் எழுதிக் கையெழுத்தும் சீலும், கூடவே அந்தப் புதுச் செக்கும் வாங்குங்கள். கூலி பாக்கிக்கு வழக்குப் போட 3 வருடம்தான் கெடு. கெடு முடியுமுன் வாங்கிய இந்தக் கையெழுத்து, அந்த 3 வருடத்தை அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கிவைக்கும். டெபிட் நோட் பேச்சுக்கும் இதுவே பதில்.

அப்புறம் டெபிட் நோட். 2006ம் வருட எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டத்தில், சரக்குக் கொடுத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வரவில்லை என்றால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. மாசக் கணக்கில் கழித்து வருகிற ஊசி ஓட்டைக்கு அங்கே மதிப்புக் குறைவு. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் பணம் கொடுக்கும் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. பேங்க் ரேட் 5.5 என்று வைத்தால் 16.5 சதவீதம்.

ஆகவே என் கட்சி: சிறு தொழில்களின் பாக்கிப் புகாருக்கென்று மத்திய அரசு வைத்திருக்கிற ஆன்லைன் போர்ட்டலில் மனுப் போடுங்கள். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இந்த மனுக்களை விசாரிக்கும் வசதிக் கவுன்சில் இருக்கிறது, உங்களுக்குக் கோவை. முதலில் சமரசம், முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. சட்டத்தில் 90 நாள்; அதை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம். ஆனால் தீர்ப்பை எதிர்த்து அவர்கள் கோர்ட்டுக்குப் போனால் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். இழுத்தடித்தே பழகியவர்களுக்கு இது ஒன்றுதான் வலிக்கும். நீங்கள் சரக்குக் கொடுப்பதற்கு முன்பே உதயம் எடுத்தது பெரிய பலம். வாங்கி விற்கும் டிரேடர்களுக்கு இந்தக் கதவு கிடையாது, ஜாப் ஒர்க்குக்கு உண்டு.

அவர்களுடைய ஆடிட்டருக்கும் ஒரு காப்பி தட்டிவிடுங்கள். 2023-24 கணக்கு வருடத்திலிருந்து, சிறு யூனிட்டுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத பணத்தை வருமான வரிக் கணக்கில் அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. பில் தேதியிலிருந்து 180 நாளில் பணம் தராவிட்டால், உங்கள் பில்லில் உள்ள வரியைத் தங்கள் வரியில் கழித்துக்கொண்ட ஜிஎஸ்டி கிரெடிட்டையும் வட்டியோடு திருப்ப வேண்டும். பார்ட்னருக்கு உறைக்காதது ஆடிட்டருக்கு உறைக்கும்.

வக்கீல் குமாஸ்தா

கணக்கு அண்ணன் சொன்னது சரி. புதுச் செக் வாங்கினால் நாளை எண்ணிக்கொண்டே இருங்கள். செக் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் போட வேண்டும். திரும்பி வந்தால், ரிட்டர்ன் மெமோ கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் சேர்ந்த 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். நோட்டீஸைக் கம்பெனி பெயருக்கும் பார்ட்னர்கள் பெயருக்கும் சேர்த்து அனுப்புங்கள். உங்கள் கணக்கு இருக்கிற பிராஞ்ச் எந்தக் கோர்ட் எல்லையில் இருக்கிறதோ அங்கேதான் வழக்கு, அவர்கள் ஊருக்கு அலைய வேண்டாம். கவுன்சில் மனு நடக்கும்போதே இதையும் நடத்தலாம்.

கவுன்சில் வேண்டாம், சிவில் வழக்கு என்றால் உங்கள் தொகை 3 லட்சத்துக்கு மேல், வணிக நீதிமன்றம். அவசரத் தடை கேட்காத வழக்கில் முதலில் மீடியேஷன் (சமரசப் பேச்சு) கட்டாயம். கோர்ட் ஃபீஸ் 3 சதவீதம் தனி. திவால் சட்டம் பற்றி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது ஒரு கோடிக்கு மேல் பாக்கி உள்ள கம்பெனிகள் விவகாரம்.

இன்னொன்று. தீர்ப்பு வந்த பிறகு எதை ஜப்தி செய்வது என்று தேடுவார்கள். பார்ட்னர்ஷிப் கடனுக்குப் பார்ட்னர்களின் சொந்தச் சொத்தும் பொறுப்பு. பதிவான ஃபர்ம் என்றால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பார்ட்னர்கள் விவரத்துக்கு நகல் கிடைக்கும், இப்போதே எடுத்து வையுங்கள்.

ஓவர்லாக் அக்கா

ரொம்ப நன்றிங்க. பில் போட்டு மெயில் அனுப்பிவிட்டேன். பெரிய பார்ட்னர் நாளைக்கு வருகிறாராம்! ஒரு சந்தேகம். பழைய டிசியில் (டெலிவரி சலான்) எல்லாம் கேட் செக்யூரிட்டி கையெழுத்துதான் இருக்கிறது, பார்ட்னர் கையெழுத்து ஒன்றிலும் இல்லை. அது செல்லுமா?

கணக்கு மேஜை

செல்லும். கையெழுத்தோடு கம்பெனி சீலும், சரக்கு உள்ளே வந்ததற்கு அவர்கள் போடும் இன்வேர்டு நம்பரும் இருந்தால் இன்னும் நல்லது. அதைவிடப் பெரிய சாட்சி, உங்கள் பில்லுக்கு அவர்கள் ஜிஎஸ்டி கிரெடிட் எடுத்திருப்பது. சரக்கே வரவில்லை என்று சொல்கிறவர் அந்த வரியை எப்படி எடுத்தார்? நாளைக்கு அவர் வரும்போது டிசி, பில், செக்கிங் ரிப்போர்ட் மூன்றையும் லாட் வாரியாகப் பின் அடித்து மேஜையில் வையுங்கள். ஒரிஜினலை மட்டும் கையில் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும்.