சுமைச் சோதனையில் நாமே எழுதிச் சேர்க்கும் செயற்கூறு: என்ன பெயர் வைக்கலாம்?

> பள்ளிப் பாடத்தில் படித்த "பயனர் வரையறுக்கும் செயற்கூறு" இருக்கிறதே, சுமைச் சோதனைக் கருவியான ஜேமீட்டரின் கையேட்டிலும் அதையே போடலாம்.

வணக்கம் அண்ணா,

'ஃபங்ஷன்' என்பதற்குச் செயற்கூறு என்பதில் எனக்கும் சம்மதம். 'சார்பு' கணக்குப் பாடத்தோடு இருக்கட்டும். ஆனால் 'பயனர்' இங்கே வேண்டாம். சுமைச் சோதனையில், அதாவது ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்துவது போலச் செயலியைச் சோதிக்கும்போது, பயனர் என்றாலே மெய்நிகர் பயனர்தான். ஜேமீட்டரில் ஒவ்வோர் இழையும் (த்ரெட்) ஒரு பயனர். செயற்கூற்றை எழுதுவதோ சோதனையாளர். 'கஸ்டம்' என்பதற்கான 'தனிப்பயன்' போட்டாலும் சிக்கல் தீராது, ஒரு பயனருக்கு மட்டும் உரியது போலத் தொனிக்கிறது. உண்மையில் பல இழைகள் ஒரே நேரத்தில் அதை அழைக்கும். பொதுவான மாறியை மாற்றுகிற செயற்கூறு என்றால் பூட்டுப் போட்டு எழுத வேண்டும். இல்லையென்றால் ஒரே எண் இரண்டு இழைகளுக்குப் போய்விடும். பெயரைப் பார்த்து ஒருவர் இதைக் கவனிக்காமல் விட்டால் அது நம் தவறு.

கோத்தகிரிப் பக்கத்துக்கு ஏற்ற எடுத்துக்காட்டு சொல்கிறேன். தொழிற்சாலைக்குப் பச்சை இலை கொடுக்கும் சிறு தேயிலை விவசாயிகளுக்கு ஓர் எடைக்கணக்குச் செயலி. உறுப்பினர் எண்ணின் கடைசி இலக்கம், மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். ஜேமீட்டரோடு வரும் ரேண்டம் செயற்கூறு தரும் எண்களில் பெரும்பாலானவை வாசலிலேயே நிராகரிக்கப்படும். தரவுத்தளம் வரை கோரிக்கை போகாது, சுமையும் ஏறாது. அதனால்தான் நாமே எழுத வேண்டியிருக்கிறது. ஜாவாவில் அப்ஸ்ட்ராக்ட்ஃபங்ஷன் வகுப்பை நீட்டித்து, ஜார் கோப்பை லிப் அடைவுக்குள் உள்ள எக்ஸ்ட் அடைவில் போட்டு, ஜேமீட்டரை மறுபடி தொடங்கினால் போதும். தொகுப்பின் (பேக்கேஜ்) பெயரில் 'ஃபங்ஷன்ஸ்' இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜேமீட்டர் அதைக் கண்டுகொள்ளாது.

என் பரிந்துரை 'வனை செயற்கூறு'. ஊறுகாய் போல வினைத்தொகை. ஜேமீட்டரோடு கூடவே வருகிற செயற்கூற்றுக்கு 'உள்ளமை செயற்கூறு' என்றால் இணையாக நிற்கும். வனைதல் (உருவாக்குதல்) பழைய சொல் என்று ஒதுக்க வேண்டாம். மண்பாண்டம் வனைவது நம் மலையில் கோத்தர் பெண்களின் கைத்தொழில்.

கோத்தகிரியிலிருந்து

> என் பரிந்துரை 'வனை செயற்கூறு'.

தம்பி, மெய்நிகர் பயனர் பற்றிச் சொன்னது சரி, என் பரிந்துரையை விட்டுவிடுகிறேன். உன் சொல்லில் ஒரே ஒரு திருத்தம். இடைவெளி விட்டு எழுதினால் பட்டியில் (மெனு) பார்க்கிறவர் 'வனை' என்பதைக் கட்டளையாகப் படிப்பார். 'சேமி', 'திற' எல்லாம் அப்படித்தானே இருக்கின்றன? 'வனைசெயற்கூறு' என்று சேர்த்தே எழுதுவோம். உள்ளமைசெயற்கூறும் அப்படியே. வேறு யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் கையேட்டில் ஏற்றிவிடு. அப்புறம் 'த்ரெட் குரூப்' என்பதற்கான 'இழைக்குழு'வைப் பார்க்கலாம்.

ஊட்டியிலிருந்து